தீவுகளில் குடும்பக் கார்

தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் மாடு பிடிக்க வந்தவர் எடுத்த எடுப்பில் விலை கேட்பதில்லை. முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், சிறிது தூரம் நடத்திப் பார்ப்பார். அதன் பின்னரே தரகர் துண்டைப் போட்டு மூடி, விரல் பிடித்து விலை பேசுவார். விற்பவர் மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்பில் எண்ணெய் தடவிக் கொண்டுவந்து நிறுத்துவது வழக்கந்தான். எனினும் அந்த மினுமினுப்பைக் கண்டு மயங்குவோர் சிலரே. அந்த மாடு எந்த நிலத்தில் உழப்போகிறது, எந்தப் பாதையில் பாரம் இழுக்கப்போகிறது என்பதை வாங்குபவர் நன்கு அறிவார். பொருளின் தரத்தை அது செய்யவேண்டிய வேலையைக் கொண்டு அளப்பது உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்ற பாடம்.

மோட்டார் கார் நம் நாட்டுக் குடும்பங்களுக்குள் வந்தபோது இப்பாடம் உடன் வரவில்லை. கார் ஒன்று கிடைக்குமா என்ற கேள்வியே நெடுங்காலம் முதற் கேள்வியாக இருந்தது. கிடைக்கத் தொடங்கிய பின், நிறம் என்ன, வேகம் என்ன, பக்கத்து வீட்டார் என்ன வாங்கினர் என்ற கேள்விகள் எழுந்தன. அந்தமான் தீவுகளில் வாழும் குடும்பங்களுக்கு மட்டும் கடலும் மழையும் சாலையும் வேறொரு கேள்வியை முன்வைத்தன: இந்த வண்டி இங்கே எத்தனை ஆண்டு உழைக்கும்? இக்கேள்வியின் வரலாற்றையும், புதிய காராயினும் கைமாறிய காராயினும் அதனை மதிப்பிடும் முறையையும் நேயர்களுக்கு எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். 1858-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் போர்ட் பிளேரில் ஆங்கில ஆட்சியினர் கைதிகளின் குடியிருப்பை நிறுவினர். அன்று முதல் இத்தீவுகளில் போக்குவரத்து என்றால் படகும் கப்பலுந்தான். துறைமுகத்தைச் சுற்றியே சாலைகள் அமைந்தன. அதற்கு அப்பால் காடு. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்டனர். போர் முடிந்ததும் தண்டனைக் குடியிருப்பு கலைக்கப்பட்டது. 1949 முதல் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. 1956 நவம்பர் முதல் நாள் இத்தீவுகள் யூனியன் பிரதேசமாயின. தொழில் தேடியும் வணிகம் நாடியும் தமிழர்களும் வந்தனர். பின்னாளில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் சிலர் நிக்கோபார் தீவுக் கூட்டத்தில் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறினர். 2011-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அவர்களுள் வங்காளிகளுக்கும் இந்தி பேசுவோருக்கும் அடுத்த பெருந்தொகுதியினர் தமிழரே. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பழைய நிகழ்ச்சிகளைக் கூறும்போது பழைய பெயரையே இங்கு வழங்குகிறோம்.

சென்னையிலிருந்து இத்துறைமுகம் ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். கல்கத்தாவிலிருந்து ஏறத்தாழ 1,255 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாளை ஒட்டிய பயணம். தீவில் ஓடும் ஒவ்வொரு காரும் இக்கடலைக் கடந்து வந்தது. அதற்கு வேண்டிய ஒவ்வோர் உதிரிப் பாகமும் அவ்வாறே வரவேண்டும். இதை மனத்திற் கொண்டால்தான் இனி வரும் வரலாறு விளங்கும்.

இந்தியாவில் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற அயல்நாட்டுக் கம்பெனிகள் 1920-களிலேயே பாகங்களைக் கொண்டுவந்து இங்கே கார்களாகப் பூட்டி விற்றன. விடுதலைக்குப் பின், உள்நாட்டிலேயே கார் செய்யும் திட்டம் இல்லாதவர்களுக்கு இடமில்லை என்ற கொள்கை 1953-ம் ஆண்டுச் சுங்கவரிக் கமிஷனின் பரிந்துரையால் உறுதிப்பட்டது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. குடும்பக் கார் வேண்டுவோருக்கு மூன்று வாயில்களே எஞ்சின. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் பிர்லா குடும்பத்தின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். பம்பாயில் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ்.

உத்தரபாராவினர் பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையைத் தழுவி 1957-ல் அம்பாசடரைக் கொணர்ந்தனர். பம்பாயார் ஃபியட் 1100-ஐச் செய்தனர். அதுவே 1970-களில் பிரீமியர் பத்மினி என்ற பெயர் பெற்றது. சென்னையார் 1961 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஸ்டாண்டர்டு ஹெரால்டைச் செய்தனர். மூன்றுக்கும் தனித்தனிக் குணங்கள் உண்டு. அம்பாசடர் அகன்றது, ஐவர் அமர்ந்தாலும் நெருக்கம் தெரியாது, பின்புறம் வலிய பட்டைச் சுருள்களின்மேல் நின்றது. ஃபியட் அளவிற் சிறியது; கைக்கு இணக்கமானது; எரிபொருளைச் சிக்கனமாகக் குடிப்பது. ஹெரால்டு தனிச் சேசிஸின்மேல் உடலைப் பொருத்திய அமைப்புடையது. குறுகிய இடத்தில் எளிதாகத் திரும்புவது. நெருக்கடியான தெருவுக்கு ஏற்றது.

இவற்றுள் எது சிறந்தது என்று ஆராயும் வாய்ப்பு வாங்குபவருக்கு அன்று பெரும்பாலும் இல்லை. உற்பத்தி லைசென்ஸால் வரையறுக்கப்பட்டிருந்தது. 1959-ம் ஆண்டின் கட்டுப்பாட்டு ஆணை புதிய கார்களின் விநியோகத்தையும் விற்பனையையும் சர்க்காரின் கண்காணிப்பில் வைத்தது. புதிதாக வாங்கியவர் குறிப்பிட்ட காலத்துக்குள் அனுமதியின்றி அதை விற்கவும் இயலாது. 1969-ல் விலையையும் சர்க்காரே நிர்ணயித்தது. அவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் பல. விளைவு ஒன்றைக் கவனிக்கவேண்டும். கைமாறிய காரின் விலை, அதன் தேய்மானத்தைச் சார்ந்து இறங்காமல், காத்திருப்பின் நீளத்தைச் சார்ந்து ஏறியது. பழைய பொருள் புதிய பொருளின் விலைக்கு மேல் விற்கும் சந்தையில், பொருளை ஆராயும் பழக்கம் வளர்வது எங்ஙனம்?

தீவுகளில் நிலைமை சற்று மாறுபட்டிருந்தது. போர்ட் பிளேரின் அலுவலகங்களிலும் வாடகை வண்டிகளிலும் அம்பாசடரே நெடுங்காலம் கோலோச்சியது. அதன் எஞ்சின் எளிமையானது. பானெட்டைத் திறந்தால் ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். அடிப்படை அமைப்பு பல்லாண்டு பெரிதாக மாறாததால், ஒரு வண்டியின் பாகம் இன்னொரு வண்டிக்குப் பெரும்பாலும் பொருந்தியது. நின்றுபோன வண்டி ஓடும் வண்டிக்குக் களஞ்சியமாயிற்று. பாகம் வருவதற்குக் கப்பலை எதிர்பார்த்திருக்கும் ஊரில் இக்குணம் வேகத்தைவிட மேலானது. பெருநிலத்தில் அம்பாசடரின் மாறாத்தன்மை நகைப்புக்கு உரியதாயிற்று. தீவில் அதுவே தகுதியாயிற்று. ஒரே குணம் ஓரிடத்தில் குறையாகவும் மற்றோரிடத்தில் நிறைவாகவும் அமைவதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அந்நாளில் போர்ட் பிளேரில் கார் வைத்திருந்தவர் அதை எங்கே ஓட்டுவார்? அபர்தீன் கடைவீதி, ஹாடோ, ஜங்லிகாட், டெலானிபூர், பாலம் கடந்தால் சாத்தாம் மர அறுவை ஆலை. சற்று அப்பால் கரச்சாராமா, ஃபெரார்கஞ்சு. மேடும் பள்ளமுமான குறுந்தூரங்கள். ரங்கத், மாயாபந்தர், திக்லிபூர் முதலிய வடபகுதி ஊர்களுக்குச் செல்லக் கப்பலே வழி. இந்நிலையை மாற்றியது அந்தமான் நெடுஞ்சாலை. 1970-களில் வேலை நடந்து, 1989-ல் முழுமையெய்திய இச்சாலை தென் அந்தமானையும் நடு அந்தமானையும் வட அந்தமானையும் முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் இணைத்தது. இடையிலுள்ள நீரிணைகளை வண்டிகள் தட்டையான ஊர்திப் படகுகளில் ஏறிக் கடந்தன. பின்னர் ஆஸ்டின் நீரிணைக்கும், அதற்கும் பின்னர் ஹம்ப்ரி நீரிணைக்கும் பாலங்கள் வந்தன.

இச்சாலை ஜாரவா மக்களின் காட்டை ஊடறுத்துச் செல்கிறது. தம் காட்டில் அயலார் நுழைவதை விரும்பாத அம்மக்கள் அம்பெய்து எதிர்த்தனர். அவர்களுடைய நலனைக் கருதி, காப்புப் பகுதியினூடே செல்லும் சாலையை மூடுமாறு 2002-ம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. சாலை முற்றும் மூடப்படவில்லை. ஜிர்கடாங்குச் சோதனைச் சாவடியில் வண்டிகள் காத்திருந்து, குறித்த நேரங்களில் காவலர் துணையுடன் அணியாகச் செல்லும் முறை நிலைபெற்றது. இடையில் நிறுத்தலாகாது, ஒருவரை ஒருவர் முந்தலாகாது, படம் எடுக்கலாகாது, வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது.

காரை மதிப்பிடும் பேச்சில் இச்செய்தி எதற்கு என்று நேயர்கள் வினவலாம். இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, தீவின் மிக நீண்ட பயணத்திலேயே ஒரு பகுதியை 40 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கவேண்டியிருக்கையில், எஞ்சினின் குதிரைத்திறனுக்கு மிகுந்த விலை கொடுப்பதன் பயன் யாது என்று கேட்கவேண்டும். மற்றொன்று, நடுவழியில் நின்றுபோகாத வண்டி இங்கே வசதிக்கு மட்டும் உரியதன்று, அது கடமை. காப்புப் பகுதியில் பழுதாகி நிற்கும் ஒரு வண்டி, அங்கு வாழும் மக்களின் அமைதியைக் குலைத்து, அணியில் வரும் அனைவரையும் தடுக்கிறது. நோயாளியை ஏற்றிவரும் வண்டியும் அவ்வணியில் இருக்கலாம். ஆகவே குளிரூட்டும் நீர், விசிறிப் பட்டை, டயர், பாட்டரி ஆகிய எளிய பொருள்களின் நம்பகமே தீவுக் காரின் முதல் தகுதி.

இனிப் பெருநிலத்துக்கு ஒருமுறை திரும்புவோம். ஏனெனில் தீவுக்கு வரும் கார்களின் வகை அங்கேதான் மாறியது. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது. அதையொட்டிப் பழைய கம்பெனிகளும் புதுக் கோலம் பூண முயன்றன. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் கான்டெஸாவை வெளியிட்டது. உடல் பிரிட்டனின் வாக்ஸால் கார். தொடக்கத்தில் உள்ளே இருந்ததோ அம்பாசடரின் பழைய எஞ்சின். சென்னை ஸ்டாண்டர்டு கம்பெனி 1985-ல் ஸ்டாண்டர்டு 2000-ஐ வெளியிட்டது. உடல் அழகிய ரோவர். எஞ்சினோ முந்தைய தலைமுறையைச் சேர்ந்தது. ஸ்டாண்டர்டு 2000 சில ஆண்டுகளே தாங்கியது. கம்பெனியும் கார்த் தொழிலை விட்டது. புறத்தோற்றத்தை நம்பி வாங்கியோர் பாகம் கிடைக்காமல் இடர்ப்பட்டனர். சென்னையிலேயே அந்நிலை என்றால், சென்னையைக் கடல்வழி எதிர்நோக்கும் ஊரைப் பற்றிச் சொல்லவேண்டுமோ?

1990-ல் மாருதி 1000 வந்தது. 1993-ல் கார்த் தொழில் லைசென்ஸிலிருந்து விடுபட்டது. பின்னர் வந்தவை பல: 1994-ல் எஸ்டீம், 1995-ல் சியேலோ, 1998-ல் ஹோண்டா சிட்டி, 1999-ல் ஹூண்டாய் ஆக்ஸென்ட், ஃபோர்டு ஐகான். ஸ்ரீபெரும்புதூரும் மறைமலைநகரும் கார் பிறக்கும் ஊர்களாயின. சென்னைத் துறைமுகத்தின் வழியே தம் தேவைகளைப் பெறும் தீவு மக்களுக்கு இது நல்ல மாறுதல். காரும் பாகமும் பம்பாயிலிருந்தோ உத்தரபாராவிலிருந்தோ வரவேண்டிய நிலை தளர்ந்தது. அம்பாசடரின் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது.

செடான் என்பது எஞ்சினுக்கும் மனிதருக்கும் மூட்டைக்கும் மூன்று தனி அறைகள் கொண்ட கார். உற்பத்தியாளர் சங்கத்தின் பழைய வகுப்பின்படி 4,001 முதல் 4,500 மில்லிமீட்டர் வரை நீளமுள்ளது நடுத்தர வகையாக இருந்தது. அந்த அளவுகோலின்படி பார்த்தால் நம் பழைய அம்பாசடரும் நடுத்தரக் காரே. 2006-ல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட, சிறு எஞ்சின் கொண்ட கார்களுக்கு வரி குறைக்கப்பட்டது. பின்னர் டிக்கியை வெட்டிக் குறுக்கிய செடான்கள் தோன்றின. 2012-ல் மாருதி டிசையர் அவ்வாறு குறுகியது. 2025 செப்டம்பர் 22 முதல் இவ்வேறுபாடு மேலும் கூர்மையாயிற்று. சிறிய வகைக்குச் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 18. நான்கு மீட்டரைத் தாண்டியதற்கு 40. ஆகவே நடுத்தர செடானை விரும்பும் குடும்பம், தான் தரும் பணத்தில் கணிசமான பங்கு வரிக்குச் செல்வதை அறிந்தே முடிவு செய்யவேண்டும். அந்தக் கூடுதல் நீளத்தால் கிடைப்பது பின்னிருக்கையில் கால் நீட்டும் இடமும் டிக்கியின் கொள்ளளவும். பெற்றோரும் குழந்தைகளும் பாட்டியும் பயணம் செய்யும் குடும்பத்துக்கு இது வீண் செலவாகாது. இருவர் மட்டும் அலுவலகம் சென்றுவரும் வீட்டுக்கு வீணே.

நீளத்துக்குத் தீவில் இன்னொரு விலையும் உண்டு. ஊர்திப் படகில் ஏறும் சாய்பலகையின் சரிவு, கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏற்ப மாறும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் நீண்டு தொங்கும் உடலும் தாழ்ந்த அடிப்பாகமும் கொண்ட செடான் அச்சரிவில் மூக்கையோ வாலையோ உரசும். குண்டுங்குழியுமான மழைக்காலச் சாலையிலும் அதே இடர். தரையிலிருந்து அடிப்பாகம் எவ்வளவு உயர்ந்துள்ளது என்பதை, வண்டி வெறுமையாக நிற்கையில் காண்பது போதாது. ஐவரை அமர்த்தி, டிக்கியில் பாரம் ஏற்றிக் காணவேண்டும். விற்பனைக்கூடத்தில் இதைச் செய்யக் கூசுவோர் பலர். இலட்சக்கணக்கில் பணம் கொடுப்பவர் கூசவேண்டியதில்லை.

இனிக் கைமாறிய காரை எடுத்துக்கொள்வோம். தீவில் இதன் முதற் பகை உப்பு. இரும்பு துருப்பிடிக்க நீரும் பிராணவாயுவும் போதும். உப்புக் கலந்த நீர் மின்னோட்டத்தை எளிதாகக் கடத்துவதால் துருப்பிடிப்பு விரைகிறது. அன்றியும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழை நின்ற பிறகும் தகடு காய்வதில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும், எத்திசையிலும் கடல் சூழ்ந்த ஊரில் இவ்விரண்டும் ஓயாமல் வேலை செய்கின்றன. இக்காலக் கார்களுக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. தரையும் தூண்களும் பக்கச் சட்டங்களும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட கூடே அதன் எலும்பு. அக்கூட்டைத் துரு அரித்தால், விபத்தின்போது குடும்பத்தைக் காக்கவேண்டிய வலிமையே போய்விடும். ஆகவே துருவை அழகுக் குறையாக மட்டும் எண்ணுதல் தவறு.

துரு, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தொடங்குவதில்லை. கதவின் கீழ் விளிம்பில் நீர் வடியும் துளைகள் அடைபட்டுள்ளனவா என்று பார்க்கவேண்டும். சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் உட்புறத்தில் சேறு அப்பியிருக்கிறதா, கதவுக்குக் கீழுள்ள சட்டம் கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்குகிறதா, ஜாக்கி முட்டுக் கொடுக்கும் இடம் திடமாக உள்ளதா, டிக்கியின் விரிப்புக்கு அடியில் மாற்றுச் சக்கரம் கிடக்கும் குழியில் ஈரம் தேங்கியிருக்கிறதா என ஒவ்வொன்றாகக் காணவேண்டும். சிறு காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி உடலெங்கும் ஓட்டிப் பார்த்தால், அது ஒட்டாத இடத்தில் பட்டி பூசித் துரு மறைக்கப்பட்டிருக்கலாம் என்று ஊகிக்கலாம். புதிய பெயின்ட் பளபளக்கும் பழைய காரைக் கண்டால் மகிழ்வதற்கு முன் ஐயுறவேண்டும். கொம்பில் எண்ணெய் தடவிய மாட்டை நினைவு கூர்க.

உப்பிற் கொடியது வெள்ளம். 2004 டிசம்பர் 26-ம் நாள் வந்த ஆழிப்பேரலை நிக்கோபார்த் தீவுகளைச் சிதைத்தது. தென் அந்தமானில் நிலமே தாழ்ந்தது. சிப்பிகாட் போன்ற தாழ்பகுதிகளில் கடல்நீர் புகுந்து நிலைத்தது. அன்று மூழ்கிய வண்டிகளுக்குக் காலம் கடந்துவிட்டது. ஆயினும் மழை வெள்ளத்தில் மூழ்கிய கார் பெருநிலத்தின் எந்த நகரத்திலிருந்தும் இன்றும் தீவுக்கு வரக்கூடும். 2015-லும் 2023-லும் சென்னை வெள்ளங்களில் எண்ணற்ற கார்கள் நீரில் நின்றதை நேயர்கள் அறிவார்கள். அத்தகைய காரைக் கழுவித் துடைத்துவிடலாம். முற்றும் மறைத்துவிட இயலாது. இருக்கைப் பட்டையைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பார்த்தால் சேற்றின் கறை தெரியும். இருக்கை நகரும் தண்டவாளத்தில் துரு இருக்கும். விரிப்புக்கு அடியில் மண்வாடை வீசும். முன்விளக்கின் கண்ணாடிக்குள் ஈரம் கோத்திருக்கும். மின்னிணைப்புகளின் முனையில் பச்சைப் பாசம் படிந்திருக்கும். இன்றைய காரில் மின்னணுப் பெட்டிகளே மூளையாதலின், இந்தப் பச்சைப் பாசம் எஞ்சின் பழுதைவிட அஞ்சத்தக்கது.

எஞ்சினைக் காலையில், அது குளிர்ந்திருக்கும்போதே, தாமே இயக்கிப் பார்க்கவேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகக் கூறித் திரும்பிவிடலாம். புகை நீலமாயின் எண்ணெய் எரிகிறது. வெண்புகை இடையறாது வந்து நீர் குறையுமாயின் குளிரூட்டும் நீர் எஞ்சினுக்குள் கசிகிறது. கரும்புகையாயின் எரிபொருள் முறையாக எரியவில்லை. ஏற்றத்தில் நிறுத்தி மீண்டும் எடுத்துப் பார்த்தால் கிளச்சின் நிலை புலனாகும். இதற்கு நகரின் மேடுகள் தாமாகவே அமைந்த சோதனைச்சாலை. ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல், மிதிக்கட்டையின் ரப்பர், ஸ்டியரிங்கின் தேய்வு, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் ஆகியவற்றை அவ்வெண்ணோடு ஒப்பிடவேண்டும். தீவு வண்டி குறைந்த தூரமே ஓடியிருக்கும்; அதனாலேயே அது இளையது ஆகாது. மேட்டில் ஏறி இறங்கிய கிளச்சும், உப்பில் நின்ற தகடும், ஓடாமற் கிடந்த பிரேக்கும் கிலோமீட்டர்க் கணக்கில் அடங்கா.

தாளும் எஞ்சினுக்கு நிகரானது. வண்டி சென்னைப் பதிவாயின், அங்குள்ள அலுவலகத்தின் தடையின்மைச் சான்று, அதாவது 28-ம் படிவம், வேண்டும். உரிமை மாற்றத்துக்கு 29, 30-ம் படிவங்கள். கடனில் வாங்கிய வண்டியாயின் கடன் தீர்ந்ததற்கு 35-ம் படிவம். பதிவு செய்த மாநிலத்துக்கு வெளியே பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவு பெறவேண்டும் என்பது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அதைப் பெறக் கடல் கடந்து செல்லவேண்டும். ஆகையால் பணத்தையும் வண்டியையும் கைமாற்றுவதற்கு முன்பே தாள்களைக் கையில் வாங்கிச் சரிபார்த்துவிடுவது அறிவுடைமை. சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியிலேயே படித்து ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடவேண்டும்.

புதிது வாங்குவதா, பழையது வாங்குவதா? இதற்குப் பொது விடை இல்லை. கணக்கிடும் முறை உண்டு. காரின் விலையோடு கப்பற் கூலி, காப்பீடு, பதிவு, வரி ஆகியவற்றைக் கூட்டுக. அதனோடு, நாம் வைத்திருக்க எண்ணும் ஆண்டுகளில் ஆகக்கூடிய டயர், பாட்டரி, கிளச்சு, பிரேக்குச் செலவைக் கூட்டுக. முடிவில் விற்றால் வரும் தொகையைக் கழித்து, ஆண்டுகளால் வகுத்துப் பார்க்க. புதிய கார் முதற் சில ஆண்டுகளில் விலையில் வேகமாகச் சரியும். அச்சரிவை வேறொருவர் ஏற்ற பிறகு வாங்குவதே கைமாறிய காரின் ஆதாயம். எனினும் பெருநிலத்தில் தோன்றும் அவ்வாதாயத்தின் ஒரு பங்கைத் தீவில் துரு விழுங்கிவிடும். இங்கேயே ஓடி, கூரைக்கு அடியில் நின்று, ஒரே பட்டறையில் பார்க்கப்பட்ட வண்டிக்கு, அறியாத ஊரிலிருந்து வரும் மலிவான வண்டியைவிடச் சற்று மிகுதியாகக் கொடுத்தாலும் தகும்.

இறுதியில் கேட்கவேண்டிய கேள்வியைப் பட்டறையில் கேட்கவேண்டும்: இந்தக் காரைப் பிரித்துப் பூட்ட இவ்வூரில் யாருக்குத் தெரியும்? இதன் பாகம் எவ்வளவு நாளில் வரும்? இன்று விற்கும் நடுத்தர செடான்களில் சிட்டி, வெர்னா, ஸ்லாவியா, வர்ட்டஸ் எனச் சில பெயர்களே உள்ளன. அவற்றின் நிறை குறைகளை விளம்பரத்தில் படிப்பதினும், அவற்றுள் எதற்கு இவ்வூரில் பழகிய கை உண்டு என்று கேட்பது பயன் தரும். நாட்டின் பாதுகாப்புச் சோதனைமுறை 2023 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதில் பெற்ற நட்சத்திர மதிப்பையும் தவறாது கேட்கவேண்டும். ஆனை வாங்குபவர் அங்குசத்துக்குக் கஞ்சம் பிடிக்கலாகாது என்பர். தீவில் ஆனையைப் பிடிக்குமுன் பாகனைத் தேடவேண்டும்.

நேயர்களே, அறுபது எழுபது ஆண்டுகளின் இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே. கார் கிடைப்பதே அரிதாயிருந்த நாளிலும், கார்கள் மலிந்துவிட்ட இந்நாளிலும், பெருநிலத்துச் சந்தை வாங்குபவரின் கண்ணைப் பொருளின்மேல் நிறுத்தியது. தீவோ அக்கண்ணைச் சாலையின்மேலும் கடலின்மேலும் பட்டறையின்மேலும் திருப்பியது. ஒரு குடும்பம் பல்லாண்டு சேர்த்த பணத்தை ஒரே நாளில் கொடுத்து வாங்கும் பொருள் இது. நோயுற்ற தாயை நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்லவேண்டியதும் இதுவே. திருச்சியிலோ திருநெல்வேலியிலோ கார் வாங்குவோரும் தீவினரின் கேள்விகளை ஒருமுறை கேட்டுவிட்டுப் பின்னர் விலை பேசட்டும். வண்டியின் அடியில் குனிந்து பார்க்கும் அரை மணி நேரம், பல ஆண்டுகளின் மனக்கவலையைத் தவிர்க்கும்.